வழக்கம்போல

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் போர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் வேலை பார்க்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். பலருக்கு என்னைத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் இந்தக் கரிசல்காட்டுப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எது எதோடு எப்படிச் சேரும் என்பது உங்களுக்குக் கைப்பாடம். நான் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். வகுப்பில் நடத்தாமல் விட்டுப்போன பாடம் அது. அந்தக் கடன் என் தலையில் இருக்கிறது.

வெடி விபத்துச் செய்திகளை நான் பேப்பரிலிருந்து வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். தடியான நோட்டு, இரண்டாவது நோட்டும் பாதி நிறைந்துவிட்டது. ஊர் மாறும், தேதி மாறும், பெயர்கள் மாறும். ஆனால் தொழிலாளர்கள் வழக்கம்போல் பணிக்கு வந்தார்கள் என்றுதான் செய்தி தொடங்கும். நடுவில் உராய்வு காரணமாக என்று ஒரு வார்த்தை. முடிவில் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அதற்குச் சற்று மேலே, போர்மேன் கைது. வழக்கத்தில் ஆரம்பித்து வழக்கில் முடிகிற இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று தமிழ் ஐயா சொல்லியிருப்பார். அந்த உறவு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

பல வருஷங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “டீச்சர், ரூட்டுன்னா வழி. ரொட்டீன்னா தினசரி வேலை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, சொந்தமா?” அன்றைக்குப் பாடம் முடிக்க வேண்டிய அவசரம். “பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு. நடுவுல இன்டரப்ட் பண்ணாதே” என்றேன். உட்கார்ந்துவிட்டான். பிறகு அவன் ஒரு பட்டாசு ஆலையில் சேர்ந்து, சான்று வாங்கி, போர்மேன் ஆனான். ஒருநாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். “ரொட்டீன்தான் டீச்சர். எல்லாம் வழக்கம்போலத்தான்” என்று சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து அவன் பொறுப்பில் இருந்த அறை வெடித்தது. மூன்று பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவன் பிழைத்தான். இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்திருந்தன. தீக்காயப் பிரிவில் வாழையிலை விரித்த கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உள்ள எத்தனை பேர்னு கேட்டாங்க டீச்சர். நாலுன்னு சொன்னேன். ஆறு பேர் இருந்திருக்காங்க. நான் பொய் சொல்லல. நாலுதான்னு நம்பினேன். தினமும் நாலுன்னு எழுதி எழுதி, எனக்கு நாலு பேர்தான் கண்ணுல தெரிஞ்சாங்க.”

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பெரிய அகராதியை எடுத்தேன். அவன் பத்தாம் வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். சொந்தம்தான். ரூட்டின் பிள்ளைதான் ரொட்டீன். பிரெஞ்சில் பிறந்து பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். நடந்து நடந்து தேய்ந்த தடம், யோசிக்காமல் கால் போகிற பாதை என்பது அதன் பொருள். கரிசல் காட்டில் ஒற்றையடிப் பாதை எப்படி விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் ஆள் முள்ளை மிதித்துத்தான் போவார். நூறாவது ஆளுக்குக் கண்ணே தேவைப்படாது.

அதோடு விடாமல் ரூட்டுக்கும் வேர் தேடினேன். லத்தீனில் ரூப்தா. உடைக்கப்பட்டது என்று அர்த்தம். காட்டையும் பாறையையும் உடைத்துத் திறந்த வழியை ரோமர்கள் அப்படிச் சொன்னார்கள். டாக்டர்கள் குடல்வால் ரப்சர் ஆகிவிட்டது என்பார்களே, அந்த ரப்சரும் இதே வேர். லஞ்சம் வாங்குகிறவரைச் சொல்கிற கரப்ட் இதே வேர். கடன்பட்டு நொடித்துப்போவதைச் சொல்கிற பாங்க்ரப்ட், நான் அந்தப் பையனை அதட்டிய இன்டரப்ட், எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ரொட்டீனுக்குள்ளே உடைப்பு இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. பரீட்சைக்கு வராது என்று உட்காரவைத்தேனே.

நம் சொல்லும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் வந்திருக்கிறது. பழைய தமிழில் வழங்குதல் என்றால் நடமாடுதல். ஆள் நடமாட்டம் இருப்பதால் வழக்கு, அதிலிருந்து வழக்கம். ஊர் நடந்து பழகியதே நியாயம் என்று ஆனபோது அதே சொல் நீதிமன்றத்துக்கும் போனது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் சொத்து, வாரிசு விஷயங்களை 1707-ல் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்தபோது அந்தச் சட்டத்துக்கு நின்ற பெயர் தேசவழமை. வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு என்று நம்மவர்கள் வெகுகாலமாக நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் “இப்படிச் செய்யலாமாண்ணே?” என்று கேட்கும்போது, “இங்க இதுதாம்மா வழக்கம்” என்று நீங்கள் சொன்னதும் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

ஹேபிட் என்று இன்னொரு சொல்லும் உண்டு. கான்வென்ட் சிஸ்டர்கள் போடுகிற அங்கிக்கு இன்றும் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் அது முதலில் உடுப்பைத்தான் குறித்தது. பழக்கம் என்ற பொருள் பிறகு ஒட்டியது. பருத்திச் சேலை கட்டித்தான் மருந்து அறைக்குள் வரவேண்டும் என்று நீங்கள் வாசலில் நின்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த ஒன்றில் நீங்கள் கண்டிப்பாக இருக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

என் நோட்டில் ஒட்டிய சில நாட்களைச் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கொரு பேனாவும் ரோஜாப்பூவுமாக மேஜையை நிறைத்திருந்தார்கள். மதிய நேரத்தில் முதலிப்பட்டிப் பக்கம் புகை எழுந்தது. அன்று 38 பேர் செத்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி செய்யவும் என்ன ஏதென்று பார்க்கவும் ஓடிப்போனவர்கள் அதில் நிறையப் பேர். அது ஒரு புதன்கிழமை. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், வெள்ளிக்கிழமை. 2024 மே 9, செங்கமலப்பட்டி, வியாழக்கிழமை. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி, செவ்வாய்க்கிழமை. கிழமையை ஏன் சொல்கிறேன் என்றால், இவை எல்லாம் வேலை நாட்கள். வேன் வந்து ஆளேற்றிய, தூக்குவாளியில் சோறு கட்டிய, சாயங்காலம் வந்து பிள்ளைக்குத் தலைபின்னிவிடலாம் என்று எண்ணிய நாட்கள். அந்த நாள் காலையில் யாருக்கும் அது தனியாகத் தெரிந்திருக்காது.

இது நம்மூரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடியில் வெடித்துச் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கிற ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்துப்போனது காரணம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வளையம் அரிக்கப்படுவது அவர்களுக்கு முன்பே தெரியும். முந்தைய பயணங்களில் கருகிப்போய் வந்திருக்கிறது. முதல் தடவை பதறினார்கள். ஓடம் பத்திரமாகத் திரும்பியது. அடுத்த தடவை பதற்றம் குறைந்தது. அப்புறம் ‘இவ்வளவு கருகினால் பரவாயில்லை’ என்று ஓர் அளவே வைத்துக்கொண்டார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு, இந்தக் குளிரில் வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். மேலிடம் கேட்கவில்லை. டயான் வாகன் என்ற சமூகவியலாளர் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். யாரும் வேண்டுமென்று விதியை மீறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விலகல்தான் வழக்கம் ஆகிவிட்டது என்றார். உலகத்தின் மிகப் படித்த பொறியாளர்களுக்கே அப்படி என்றால், ஒரு நாளைக்கு நாற்பது அறைகளைச் சுற்றி வருகிற உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் கேட்கிறேன். நான்கு பேர் அறையில் ஐந்தாவது ஆள் முதன்முதலாக உட்கார்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? யாரோ ஒரு அக்காளின் மகள், இடம் இல்லை, ஒரு நாளைக்கு மட்டும் என்று கேட்டிருப்பார்கள். அறைக்குள் புழுக்கம் என்று மரத்தடியில் சாக்கை விரித்துத் திரி சொருகிய முதல் மத்தியானம் நினைவிருக்கிறதா? நேரமாகிவிட்டது, மீந்த மருந்தை மூடி வைத்துவிட்டுப் போவோம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற முதல் சாயங்காலம்? ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் ராத்திரி முழுக்கச் சும்மா இருக்காது என்று எனக்குச் சொன்னவர்களே உங்கள் ஆட்கள்தான். மறுநாள் காலை ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் மிகவும் கெட்ட பாடம் சொல்லிக்கொடுக்கிறது. பதினைந்து நாள் ஒன்றும் நடக்காவிட்டால் அது தடமாகிவிடுகிறது. அப்புறம் யாருக்கும் கண் தேவைப்படுவதில்லை.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டு மெதுவாகச் செய் என்றால் எந்தப் பெண் மெதுவாகச் செய்வாள்? அவளுக்குக் குழு லோன் தவணை இருக்கிறது, வாங்கிய முன்பணம் இருக்கிறது. ஆடிப்பெருக்குப் பூஜை போட்டுவிட்டால் தீபாவளி வரைக்கும் முதலாளியின் போன் நிற்காது. சில இடங்களில் முதலாளி யார் என்பதே உங்களுக்குத் தெரியாது. உரிமம் ஒருவர் பேரில், அறைகள் உள்குத்தகையில் இன்னும் நாலு பேர் கையில். நாக்பூர் லைசன்ஸோ, சென்னை லைசன்ஸோ, டி.ஆர்.ஓ. லைசன்ஸோ, சுவரில் தொங்குகிற காகிதத்தில் உங்கள் பேர் இல்லை. ஆனால் வெடித்த அன்று சாயங்காலம் உங்களைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுகிறார்கள். உரிமையாளரைத் தேடுகிறார்கள் என்று எழுதுகிற பேப்பர், உங்களைத் தேட வேண்டியிருந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை. இது பெரிய அநியாயம். முதலாளிமாருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல என்னிடம் வேறு கடிதம் இருக்கிறது. இதை உங்களுக்கு எழுதக் காரணம், அறை வாசலில் நிற்கிறவர் நீங்கள். எங்களில் யாருக்கும் அந்த இடம் கிடையாது. விரல் நீட்டி நிறுத்து என்று சொன்னால் வேலையை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் அங்கே நீங்கள்தான்.

நம்மூரைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசுகிறோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. கற்றுக்கொள்ள ஊர் விட்டு ஊர் போன வம்சம் நாம். இப்போது ஜப்பானிடம் இன்னொன்று கற்றுக்கொள்ளலாம், அதற்குப் பயணச்செலவே கிடையாது. அங்கே ரயில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். தனியாக இருந்தாலும் சொல்வார்கள். நூறு வருஷமாக நடக்கிற காரியம். 1994-ல் அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. ஒரு எளிய வேலையைச் சும்மா செய்தபோது நூற்றுக்கு 2.38 தவறு விழுந்தது. சுட்டிக்காட்டி, சொல்லிச் செய்தபோது அது 0.38 ஆக இறங்கியது. கை நீள வேண்டும், கண் அந்தக் கையின் பின்னால் போக வேண்டும், வாய் சொல்ல வேண்டும், காது கேட்க வேண்டும். நான்கும் ஒரு பொருள்மேல் வந்து நின்றால் மனசு வேறெங்கும் போக முடியாது. தேய்ந்த தடத்தில் கண்ணை மூடிப் போகிற காலை அது இடையில் நிறுத்துகிறது. இன்டரப்ட் என்ற சொல்லுக்கு அகராதி சொல்கிற பொருளும் அதுதான். இடையில் உடைப்பது.

வகுப்பில் அதைச் செய்யாதே என்று உங்களை அதட்டியவள், இப்போது அதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். காலையில் வேலை தொடங்கும்போது, டீ குடித்துத் திரும்பும்போது, மத்தியானச் சோறு முடிந்து உட்காரும்போது, ஒவ்வோர் அறை வாசலிலும் நில்லுங்கள். ஆளைச் சுட்டி எண்ணுங்கள், வாய்விட்டு. மருந்துச் சட்டியைச் சுட்டிச் சொல்லுங்கள், எவ்வளவு இருக்கிறது என்று. கதவு திறந்திருக்கிறதா, வாசலில் ஏதும் அடைத்திருக்கிறதா. செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்களா. நேற்றைய மருந்து மூலையில் மிச்சம் இருக்கிறதா. அறைக்கு அரை நிமிஷம் ஆகும். பெண்கள் சிரிப்பார்கள். முதல் வாரம் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். சிரிக்கட்டும். பத்து நாள் கழித்து, நீங்கள் எண்ண ஆரம்பித்ததும் ஐந்தாவது ஆள் தானாக எழுந்து வெளியே போவாள்.

பதிவேட்டில் மேற்படி போடாதீர்கள் என்றும் கேட்கிறேன். முந்தின நாள் வரிக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து நிரப்பிய பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் பக்கமும் அப்படித்தான் இருந்தது. நாலு, அதன் கீழே புள்ளி, புள்ளி, புள்ளி. எண்ணிய பிறகு எண்ணை எழுதுங்கள். ஆறு இருந்தால் ஆறு என்று எழுதி, நாலாக்கிய நேரத்தையும் எழுதுங்கள். முதலாளி கோபித்துக்கொண்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் உங்களுக்காகப் பேசக்கூடியது அந்தப் பக்கம்தான். புள்ளிகள் பேசாது.

உங்கள் சங்கத்திலோ பயிற்சி வகுப்பிலோ இதை வந்து சொல்லுங்கள் என்று கேட்டால் வருகிறேன். நாற்காலி கூட வேண்டாம். அந்தத் தம்பி இப்போது கறிக்கடை பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். விரல்கள் சரியாக மடங்காது. சில்லறையை அவன் மனைவி எண்ணிக் கொடுக்கிறாள். இந்தக் கடிதத்தை அவனிடம் படித்துக்காட்டித்தான் அனுப்புகிறேன். நடுவில் நிறுத்தி, ஆறு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னான். இப்போது எல்லாரும் கண்ணில் தெரிகிறார்கள் டீச்சர் என்றான்.

பங்குனிப் பொங்கல் முடிந்து வெயில் ஏறுகிற நேரம் இது. நாளைக் காலையில் வேன் வந்து நிற்கும். முதல் அறைக்குப் போங்கள். உள்ளே கால் வைக்கும் முன் வாசலில் நின்று விரலை நீட்டுங்கள். ஜன்னலோரத்து அக்காவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அன்புடன்,
உங்கள் பழைய இங்கிலீஷ் டீச்சர்